பிரேன் – "படல்" என்று எழுதலாமா?

> இழைக் கோட்பாடு பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். பிரேனுக்குச் "சவ்வு" போதுமா?

வணக்கம் ஐயா,

போதாது என்றே நினைக்கிறேன். சவ்வு என்றால் நீள அகலம் உடைய பரப்பு. பிரேன் என்பது இழைக் கோட்பாட்டில் (string theory), அதாவது அடிப்படைத் துகள்களை நுண்ணிய இழைகளின் அதிர்வாகப் பார்க்கும் கோட்பாட்டில், வரும் ஒரு பொருள். அதற்கு அந்தக் கட்டு இல்லை. 0 பரிமாணப் பிரேன் ஒரு புள்ளி. 1 பரிமாணம் என்றால் கோடு. 2-க்குத்தான் சவ்வு பொருந்தும். அப்புறம் 9 வரை போகிறது. "3 பரிமாணச் சவ்வு" என்று எழுதினால் படிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார். ஆங்கிலத்திலும் மெம்பிரேனின் தலையை வெட்டித்தான் பிரேன் ஆக்கினார்கள்.

நாம் "படலம்" என்பதன் வாலை வெட்டலாம்: படல். ஓலைப்படல், முள்படல் என்று ஊரில் வழங்கும் சொல்தான். அதுவும் தட்டையானதுதானே என்று கேட்பீர்கள். சரி, ஆனால் சவ்வுக்கு உயிரியலில் நிலைத்துவிட்ட பொருள் இருக்கிறது. படலுக்கு அந்தச் சுமை இல்லை. "படுதல்" என்ற பொருளும் அதில் கிடைக்கிறது. டி-பிரேன் என்ற வகையின் இயல்பே அதுதான். திறந்த இழையின் முனைகள் அதன்மீது பட்டே நிற்கும். அதற்குள் எங்கும் நகரலாம், விட்டு விலக முடியாது. இந்த எல்லை நிபந்தனைக்குக் கணிதவியலாளர் டிரிக்லேயின் (Dirichlet) பெயர். "டி" வந்தது அப்படித்தான். மூடிய இழைக்கு முனையே கிடையாது, ஆகவே மூடிய இழையான கிராவிட்டான் (ஈர்ப்புவிசைத் துகள்) படலைவிட்டு வெளியேறும்.

உங்கள் கட்டுரையில் இது திரும்பத் திரும்ப வரப்போகும் சொல். 1995-ல் ஜோசப் போல்ச்சின்ஸ்கி டி-படல்களின் முக்கியத்துவத்தைக் காட்டினார். மறு ஆண்டே ஸ்ட்ராமிஞ்சரும் வாஃபாவும் அவற்றின் நிலைகளை எண்ணியே ஒருவகை 5 பரிமாணக் கருந்துளையின் என்ட்ரோபியை (உள்நிலைகள் எத்தனை என்பதன் அளவை) கணக்கிட்டார்கள். நிகழ்வெல்லைப் (எதுவும் திரும்ப முடியாத எல்லை) பரப்பில் நாலில் ஒரு பங்கு என்று பெக்கன்ஸ்டைனும் ஹாக்கிங்கும் முன்பே கண்ட விடையே வந்தது! இழைக் கோட்பாட்டின் ஆக அழகான கணக்கு இதுதான் என்பேன். 1997-ல் ஈர்ப்புள்ள கோட்பாட்டையும் ஈர்ப்பற்ற கோட்பாட்டையும் இணைக்க மால்டசேனா எடுத்துக்கொண்டது டி3-படல்களின் (3 பரிமாண டி-படல்கள்) அடுக்கு. அலகாபாத்தில் இயற்பியலாளர் அசோக் சென் ஆராய்ந்தது படலும் எதிர்ப்படலும் சேர்ந்து அழிவதை. இந்த வாக்கியங்களில் சவ்வைப் போட்டுப் பாருங்கள், ஒட்டவில்லை.

வேற்றுமை உருபும் இடிக்காது: படலில், படலத்தில் என்று தனித்தனியே நிற்கும். 2-படலை மட்டும் படலம் என்றே விட்டுவிடலாம்.

string என்பதற்குச் "சரம்" வேண்டாம். கோத்த மணிகள் நினைவுக்கு வரும், நிரலாக்கமும் அதை எடுத்துக்கொண்டது. இழையே இருக்கட்டும்.

ஒன்று பாக்கி. இழை நகரும்போது காலவெளியில் வரையும் பரப்பை உலகப்பரப்பு எனலாம். டி3-படல் வரைவது 4 பரிமாணம். அதற்குப் "பரப்பு" பொருந்தாது. "உலகப்பரவல்" என்று வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.