தாத்தா சதாபிஷேகம் – குடும்பக் குழு

மாலதி அத்தை: அப்பாவின் சதாபிஷேகத்துக்குத் திருக்கடையூரில் மண்டபம் பேசியாகிவிட்டது. நாளைக்குள் முன்பணம் கட்ட வேண்டும். கார்த்திக், உன் பங்கு?

கார்த்திக் (நியூஜெர்சி): அத்தை, ஏப்ரல் 15 இங்கே வரி கட்டக் கடைசி நாள். இன்னும் 3,100 டாலர் கையிலிருந்து கட்ட வேண்டும். மாதக் கடைசியில் அனுப்பட்டுமா?

ரகு சித்தப்பா: ரமா கல்யாணத்துக்கும் இதே ஏப்ரல்தான் வந்தது.

மாலதி அத்தை: ரகு, பழசைக் கிளறாதே.

கார்த்திக்: வரி கட்டுவதில் எனக்கு மனக்குறை இல்லை சித்தப்பா. அந்தப் பணம் வயதானவர்கள் வைத்தியத்துக்குப் போனால் சந்தோஷம்தான். ஆனால் ஆப்கானிஸ்தானைக் கட்டியெழுப்ப என்று 2002-லிருந்து அமெரிக்க அரசு ஒதுக்கியது மட்டும் சுமார் 14,500 கோடி டாலர். சண்டைச் செலவு தனி. அந்த நாட்டு விமானப்படைக்கு 20 பழைய ஜி222 சரக்கு விமானங்களைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். அந்தத் திட்டத்துக்கு 54.9 கோடி டாலர். உதிரிபாகம் கிடைக்காமல் அவை சும்மா நின்றன. 2014-ல் காபூலில் 16 விமானங்களை நொறுக்கி எடைக்குப் போட்டார்கள். வந்த பணம் 40,257 டாலர்.

ரகு சித்தப்பா: பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டார்களா!

சுந்தரம் மாமா: தணிக்கை?

கார்த்திக்: இருந்தது மாமா. ஆப்கானிஸ்தான் மறுகட்டமைப்புச் செலவைத் தணிக்கை செய்ய, சிகார் என்று 2008-ல் அமெரிக்கா ஓர் அமைப்பை உருவாக்கியது. இந்த விமான விவகாரத்தைக் கிளப்பியதே அவர்கள்தான். ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டில் அமெரிக்கப் படைக்கு 64,000 சதுர அடியில் ஒரு தலைமையகம். அங்கிருந்த தளபதியே வேண்டாம் என்றார். அப்படியும் கட்டினார்கள், சுமார் 3.6 கோடி டாலரில். ஒரு நாள்கூட யாரும் அதில் உட்காரவில்லை.

மாலதி அத்தை: சாப்பாடு 150 இலையா, 200 இலையா?

ரகு சித்தப்பா: 200. போன தடவை ரசத்தோடு எழுந்து வந்தேன்.

சுந்தரம் மாமா: போருக்குப் பின் ஈராக்கைச் சீரமைக்க அந்த நாட்டு எண்ணெய்ப் பணமே போதும் என்றார்களே?

கார்த்திக்: 2003 மார்ச்சில் அப்போதைய பாதுகாப்புத் துணை அமைச்சர் வுல்ஃபோவிட்ஸ் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடம் அப்படித்தான் சொன்னார். அப்புறம் மறுகட்டமைப்புக்கே அமெரிக்கப் பணம் சுமார் 6,000 கோடி டாலர் போனது. வியட்நாம் போர்க்காலத்தில், 1968-ல், வரி மேல் 10 சதவீதக் கூடுதல் வரி போட்டார்கள். செலவு சுருக்கென்று தைத்தது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின்போது வரியைக் குறைத்துவிட்டுக் கடன் வாங்கினார்கள். வட்டியை என் மகளும் கட்டுவாள்.

வித்யா (டெக்சாஸ்): வட்டி மட்டுமல்ல அண்ணா. என்னிடம் வியாழக்கிழமைகளில் முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் பிசியோதெரபிக்கு வருகிறார். வயது 34. கந்தகாரில் இடது கால் போய்விட்டது. உடம்பு இளைத்தாலும் பெருத்தாலும் செயற்கைக் கால் உராய்ந்து புண்ணாகிவிடும், மறுபடி அளவெடுக்க வேண்டும். இன்னும் நாற்பது வருடம் அவருக்கு இது வேண்டும். இப்படிப்பட்டவர்களின் பராமரிப்புக்கு 2050 வரை 2.2 முதல் 2.5 லட்சம் கோடி டாலர் ஆகும் என்பது ஹார்வர்டின் லிண்டா பில்ம்ஸ் போட்ட கணக்கு. அவருக்குச் செலவாகும் ஒரு காசையும் நான் குறை சொல்லமாட்டேன். போருக்குக் கை தூக்கிய அன்றே இதையும் சேர்த்து மக்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சுந்தரம் மாமா: உண்மை. பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் தலைதீபாவளி, வளைகாப்பு, பிரசவம் எல்லாம் சேர்த்துத்தான் கணக்குப் போடுவோம்.

மாலதி அத்தை: வித்யா, அந்தப் பிள்ளைக்குக் குழந்தை இருக்கிறதா?

வித்யா: ஒரு பையன் அத்தை. போன வாரம் அவனோடு பந்து விளையாடினாராம்.

மாலதி அத்தை: அபிராமி காப்பாற்றட்டும். அர்ச்சனை செய்கிறேன். பெயர் சொல்.

வித்யா: நோயாளி பெயரைச் சொல்லக்கூடாது அத்தை.

ரகு சித்தப்பா: முன்பணத்தை இப்போதைக்கு நான் போடுகிறேன். கார்த்திக் மெதுவாகக் கொடுக்கட்டும்.

கார்த்திக்: நன்றி சித்தப்பா. 🙏

சுந்தரம் மாமா: நாதஸ்வரத்துக்கு யார் பேசுவது?

மாலதி அத்தை: 150-ஆ 200-ஆ, அதை முதலில் சொல்லுங்கள்.