ஒரே மோட்டாருக்கு எத்தனை பெயர்?

கதிர்கோல்: செல் பிரியும்போது குரோமோசோம்களைப் பிரிக்கும் கதிர்கோலின் (நுண்குழல்கள் என்ற நுண்ணிய புரதக் குழாய்களால் ஆனது) இரு துருவங்களையும் தள்ளி விலக்கும் மோட்டார் புரதத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். தவளையில் அதன் பெயர் ஈஜி5. மனித ஜீன் பட்டியலில் கிஃப்11. பழ ஈயில் கேஎல்பி61எஃப், அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையில் பிம்சி, பிளவு ஈஸ்டில் கட்7. மொட்டு ஈஸ்டில் சின்8, கிப்1 என்று இரண்டு புரதங்கள். ஒன்றைத் தேடினால் மற்றது சிக்குவதில்லை. 2004-லேயே கைனசின்களை, அதாவது நுண்குழல் மேல் வேலை செய்யும் இந்த வகை மோட்டார்களை, 14 குடும்பமாகப் பிரித்து எண் கொடுத்துவிட்டார்கள். அதன்படி இவை எல்லாமே கைனசின்-5. இன்னும் எதற்கு இந்தப் பட்டப்பெயர்கள்?

புளித்தமாவு: பட்டப்பெயர் என்று இளக்காரமாகச் சொல்லாதீர்கள். கட் என்ற பெயர் சும்மா வரவில்லை. அந்த ஜீன் பழுதான ஈஸ்டில் உட்கரு பிரியாமல் கிடக்கும், ஆனால் நடுவே சுவர் வந்து செல்லை இரண்டாக அறுத்துவிடும். பிம் என்றால் பிரிவின் நடுவில் மாட்டிக்கொண்டது. பெயரைக் கேட்டதும் அது கெட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துவிடுகிறது. கைனசின்-5 என்பதில் என்ன தெரிகிறது? ஐந்து என்பது தெரிகிறது.

கதிர்கோல்: சரி, ஈஜி என்றால் என்ன? முட்டை! தவளை முட்டையில் கிடைத்த ஐந்தாவது. 61எஃப் என்பது ஈயின் குரோமோசோமில் அந்த ஜீன் இருக்கும் இடம், அதாவது வீட்டு விலாசம். இதில் எது வேலையைச் சொல்கிறது?

பழஈ_பிரியன்: எங்கள் விலாசத்தைக் கிண்டல் செய்ய வேண்டாம், அதற்கும் பயன் உண்டு. 1999-இல் வந்த மோனாஸ்ட்ரால் என்ற சேர்மம் மனித ஈஜி5-ஐ முடக்கும், ஈயின் கேஎல்பி61எஃப்-இடம் அதன் பருப்பு வேகாது. ‘மோனாஸ்ட்ரால் கைனசின்-5-ஐ முடக்கும்’ என்று நீங்கள் எழுதினால் அது பாதிப் பொய். எந்த உயிரினத்தின் புரதம் என்பது பெயரிலேயே இருக்கட்டும்.

நெடுங்கணக்கு: பழைய பெயர்களைக் கட்டிப்பிடித்து அழுபவர்களுக்கு மயோசின் என்ற இன்னொரு மோட்டார் குலத்தின் பக்கத்திலிருந்து ஒன்று. மொட்டு ஈஸ்டின் மயோ2 பொதிகளை மொட்டுக்குச் சுமந்து போகும் மயோசின், ஐந்தாம் வகை. பிளவு ஈஸ்டின் மயோ2 செல்லை இறுக்கிப் பிரிக்கும் வளையத்தில் இருப்பது, இரண்டாம் வகை. மொட்டு ஈஸ்டில் அந்த இரண்டாம் வகையின் பெயர் மயோ1. பிளவு ஈஸ்டிலோ மயோ1 என்பது முதல் வகை. இரண்டும் ஈஸ்ட், எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர், ஆனால் வேறு வேறு புரதம். இதில் மாட்டிக்கொண்டு ஒரு வாரம் வீணாக்கியவன் நான். பெயரில் கதை இருக்கிறது என்று புளித்தமாவு அக்கா சொல்வது அழகுதான், அந்தக் கதை யாருடையது என்று தெரிய வேண்டாமா?

புளித்தமாவு: தம்பி, அது எண் வைத்ததால் வந்த வினை! மயோ1, மயோ2 என்று கண்டுபிடித்த வரிசைக்கு எண் போட்டார்கள், குடும்ப எண் பிறகு வந்து அதோடு மோதிக்கொண்டது. கட்7-க்கு அப்படி எந்தக் குழப்பமும் வரவில்லை. இன்னொன்று: எண் கொடுத்ததும் குணமும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். கைனசின்-5 எல்லாம் நுண்குழலின் இரு முனைகளில் பிளஸ் எனப்படும் முனைக்குத்தான் போகும் என்று நம்பிக்கொண்டிருந்தோம். 2011-இல் சின்8 தனியாக இருந்தால் மைனஸ் முனைக்கு ஓடுகிறது, கூட்டாகச் சேர்ந்தால் திரும்பிக்கொள்கிறது என்று காட்டினார்கள். அதுவரை அந்தப் பக்கம் பார்க்கவே தோன்றவில்லை.

நெடுங்கணக்கு: குடும்ப எண் வம்சத்தைச் சொல்கிறது, நடத்தையை அல்ல. மோட்டார் பகுதியின் அமினோ அமில வரிசையை ஒப்பிட்டு வரைந்த மரம் அது. கைனசின்-13 நடப்பதே இல்லை, நுண்குழலின் முனையில் உட்கார்ந்து அதைக் கழற்றும். அதற்காக அதைக் குடும்பத்திலிருந்து தள்ளி வைத்தோமா? எண்ணைப் பார்த்து நடத்தையை ஊகித்தது நம் தப்பு.

வேர்முடிச்சு: அந்த மரம் நிலையானதா என்றும் கேளுங்கள். மயோசின்களை 2006-இல் ஓர் ஆய்வு 24 வகையாகப் பிரித்தது. அடுத்த ஆண்டே இன்னொரு ஆய்வு 35 என்றது. புது ஜீனோம் வர வர மரம் கிளை விடும். கைனசின் பட்டியலிலும் எந்தக் குடும்பத்திலும் ஒட்டாதவற்றை ‘அனாதை’ என்று ஓரமாக வைத்தார்கள். மனிதனுக்கு 45 கைனசின் ஜீன், அரபிடாப்சிஸ் என்ற சின்னக் களைச்செடிக்கு 61. எங்கள் பூக்கும் செடிகளில் டைனீன் என்ற மூன்றாவது மோட்டார் குலம் கிடையாது, கைனசின்-14 மட்டும் குவிந்து கிடக்கிறது. அத்தனைக்கும் ‘பதினான்கு’ என்ற ஒரே லேபிள் போதுமா?

பழஈ_பிரியன்: 2004 பரிந்துரை பழைய பெயர்களை அழிக்கச் சொல்லவே இல்லையே. குடும்பப் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னது, அவ்வளவுதான். நம் வீடுகளில் கூப்பிடும் பெயரும் பள்ளிக்கூடப் பெயரும் இருப்பது மாதிரி.

கதிர்கோல்: அப்படியானால் சுருக்கத்தில் ‘கைனசின்-5’ என்று போட்டுவிட்டு, உள்ளே ஒவ்வொன்றையும் அதனதன் பெயரில் எழுதுகிறேன். மோனாஸ்ட்ரால் வரியை இப்போதே திருத்தினேன், நன்றி.

நெடுங்கணக்கு: மயோசின் பற்றியும் எழுதுவதாக இருந்தால் மனித ஜீன்களிலும் கவனம். எம்ஒய்ஹெச்9 என்பது இரண்டாம் வகை. எம்ஒய்ஓ9ஏ-தான் ஒன்பதாம் வகை.

கதிர்கோல்: மயோசினைத் தூக்கிவிட்டேன் சார். வெள்ளிக்கிழமை கெடு.