ஒரே ஒரு ஊரைப் பற்றி 400 பக்கம் யாருக்காக?

வேங்கைமரம்:
"பொது வரலாறு படித்தது போதும், வட்டார ஆய்வு நூல்களுக்கு வாருங்கள்" என்று தீவிர வாசகர்கள் பலர் புதியவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு ஊர், ஒரு கோயில், ஒரு நூற்றாண்டு என்று குறுக்கிக்கொண்டு எழுதும் ஆய்வு நூல் அந்தத் துறைக்காரருக்குத் தேவை, சரி. வேலை முடிந்து வந்து இரவில் கொஞ்ச நேரம் படிக்கிற ஆளுக்கு அதில் என்ன கிடைக்கிறது? பாதிப் பக்கம் அடிக்குறிப்பு. மீதியில் பாதி, இதற்கு முன் யார் யார் என்ன சொன்னார்கள் என்ற பட்டியல். முனைவர் பட்ட ஆய்வேட்டை அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டு, வாசகன் தலையெழுத்து என்று விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வட்டாரம் என்று வந்துவிட்டாலே ஊர்ப்பெருமையும் குலப்பெருமையும் கூடவே வந்துவிடுகின்றன. எங்கள் ஊர்தான் மூத்தது, எங்கள் ஆட்கள்தான் ஆண்டார்கள் என்று ஆதாரமே இல்லாமல், ஆனால் ஆய்வு நூலின் தோரணையில் எழுதுகிறார்கள். பொது வாசகர் எதை நம்புவார்? பல ஆய்வுகளைச் சலித்து எழுதிய நல்ல தொகுப்பு நூல் ஒன்று அவருக்குப் போதும் என்பது என் கட்சி.

ஓலைக்கட்டு:
தொகுப்பு நூல் எழுதுகிறவர் எதைச் சலிக்கிறார், நண்பரே? அந்தக் குறுகிய ஆய்வுகளைத்தானே? அவை வராத காலத்தில் தொகுப்பு நூல்கள் என்ன சொல்லிக்கொண்டிருந்தன என்று பாருங்கள். இந்தியக் கிராமத்தில் நிலத்துக்குத் தனியுடைமை கிடையாது, அது நூற்றாண்டுக் கணக்கில் மாறாமல் கிடந்தது என்று 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர்கள் எழுதினார்கள். மார்க்ஸும் அதைத்தான் எழுதினார். அது பாடப்புத்தகம் வரைக்கும் வந்தது.

1966இல் ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமா ஒரு கட்டுரை எழுதினார். திருச்சிக்குப் பக்கத்தில் உள்ள அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டே ஊர்கள். சோழர் காலத்தில் அங்கே கோயில் சுவர்களில் வெட்டிய நில விற்பனை ஆவணங்களை எடுத்துக்கொண்டு, விற்றது யார், எல்லையில் யார் நிலம் இருக்கிறது என்று வரிவரியாகப் பார்த்தார். பிராமணர்களுக்கு விடப்பட்ட ஈசானமங்கலத்தில் தனி ஆட்கள் தங்கள் நிலத்தை விற்கிறார்கள். அல்லூரில் ஊராரே சேர்ந்து விற்கிறார்கள். ஒரே அரசு, இரண்டு ஊர், இரண்டு விதமான நிலவுடைமை! "இந்தியக் கிராமம்" என்று ஒருமையில் பேசினவர்கள் அத்தனை பேரும் அந்த இடத்தில் நின்று பதில் சொல்ல வேண்டியதாயிற்று. இதைத் தொகுப்பு நூலில் படித்தால் ஒரு வரி. கராஷிமாவிடம் படித்தால், அந்த முடிவுக்கு எப்படி வந்தார் என்பது கண்ணெதிரே நடக்கும்.

சிற்றோடை:
வரலாற்றை விடுங்கள், இயற்கையைப் பற்றிச் சொல்கிறேன். இங்கிலாந்தில் செல்போர்ன் என்ற சிறிய ஊரில் இருந்த கில்பர்ட் வைட் என்ற பாதிரியார், தன் ஊர்ப் பறவை, பூச்சி, மழை, பனி இவற்றைப் பற்றி இரண்டு நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் 1789இல் புத்தகமாக வந்தன. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் மூன்று சிறு பறவைகளை அவற்றின் குரலை வைத்து வேறு வேறு இனம் என்று பிரித்தவர் அவர். ஓர் ஊரை விட்டு நகராமல் கேட்டுக்கொண்டே இருந்தவருக்குத்தான் அது முடிந்தது.

அதில் 1783 கோடையைப் பற்றி ஒரு கடிதம் உண்டு. ஜூன் 23இலிருந்து ஜூலை 20 வரைக்கும் ஊரை ஒரு விசித்திரமான புகைமூட்டம் மூடியிருந்தது என்று நாள் குறித்து எழுதியிருக்கிறார். உச்சி வெயிலில் சூரியன் மேகத்துக்குள் போன நிலாவைப் போல் வெளிறித் தெரிந்தது, தரையில் துருப்பிடித்த நிறத்தில் வெளிச்சம் விழுந்தது, வெட்டிய இறைச்சி மறுநாளே தின்ன முடியாமல் போனது, ஈக்களின் தொல்லையால் குதிரைகள் மிரண்டன. அந்த ஜூன் 8ஆம் தேதி ஐஸ்லாந்தில் வெடிக்கத் தொடங்கிய லாக்கி எரிமலைதான் காரணம் என்பது அவருக்குத் தெரியாது. எரிமலைப் புகை ஐரோப்பாவின் மேல் எப்படிப் பரவியது என்று ஆராய்கிறவர்கள் இன்றும் அந்தப் பக்கத்தைத் திறக்கிறார்கள். பொது நூல் எழுதுகிறவர் யாரும் ஒரு கிராமத்து மூட்டத்துக்குத் தேதி குறித்து வைக்க மாட்டார்.

வேங்கைமரம்:
இருவரும் நல்ல உதாரணம் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் நான் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. கராஷிமாவின் கட்டுரையால் பயன்பட்டவர்கள் வரலாற்றாசிரியர்கள். வைட்டின் தேதிகளால் பயன்படுகிறவர்கள் எரிமலை ஆய்வாளர்கள். நீங்கள் பேசுவது நூலால் அறிவுக்கு வரும் பயன். நான் கேட்பது வாசகருக்கு வரும் பயன். இரண்டும் ஒன்றல்ல. ஒரு நூல் ஆய்வுலகத்துக்கு அடித்தளமாக இருக்கலாம். அதற்காக அதை எல்லோரும் படித்தே ஆக வேண்டும் என்று ஏன் சொல்ல வேண்டும்? படிக்காதவரை மேலோட்டமான வாசகர் என்று ஏன் ஒதுக்க வேண்டும்?

நடுநிசி வாசகி:
அப்படியானால் நேராக வாசகரைப் பற்றியே பேசுவோம், வேங்கைமரம் ஐயா. பிரான்சின் தென்கோடி மலையில் மோந்தாயூ என்று ஓர் ஊர். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஏறக்குறைய 250 பேர்தான் இருந்தார்கள். அவர்களில் பலர் கத்தோலிக்கத் திருச்சபை தடைசெய்த சமயநெறியில் இருந்ததால், ழாக் ஃபூர்னியே என்ற ஆயர் 1318 முதல் 1325 வரை விசாரணை நடத்தினார். பிறகு போப்பாண்டவராகவே ஆனவர் அவர். விசாரணையில் ஆட்கள் சொன்னதை எல்லாம் எழுதிவைக்கச் செய்தார். அந்தப் பதிவேட்டை வைத்துப் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் இமானுவேல் லெ ருவா லாதுரி எழுதிய ஆய்வு நூல் 1975இல் வந்தது. கல்வித்துறைக்காக எழுதிய நூல்தான். பிரான்சில் சாதாரண மக்கள் அதை அள்ளிக்கொண்டு போனார்கள்.

ஏன் தெரியுமா? வெயிலில் உட்கார்ந்து ஒருவர் தலையில் ஒருவர் பேன் பார்த்துக்கொண்டு ஊர்வம்பு பேசுவது, ஆடு மேய்க்கிறவன் மலை தாண்டிப் போய்வருவது, யாரை நம்பலாம் யாரை நம்பக்கூடாது என்று அடுப்படியில் குசுகுசுப்பது, எல்லாம் அதில் இருக்கிறது. 700 வருடத்துக்கு முந்தைய மனிதர்கள் பெயரோடும் குரலோடும் வருகிறார்கள். "மத்தியகால ஐரோப்பா" என்று பெரிய தலைப்புப் போட்ட எந்தத் தொகுப்பு நூலிலும் பேன் பார்க்கிற பெண்ணுக்கு இடம் கிடையாது. சின்ன இடத்தை எடுத்துக்கொண்டதால்தான் அவளுக்கு இடம் கிடைத்தது. வாசகருக்குக் கிடைப்பது இது.

வேங்கைமரம்:
மோந்தாயூவை நானும் அறிவேன். நீங்கள் சொல்லாமல் விட்ட பாதியை நான் சொல்கிறேன். அந்தக் குரல்கள் யாருக்கு முன்னால் பேசிய குரல்கள்? தண்டனை கொடுக்கும் அதிகாரம் உள்ள ஓர் ஆயருக்கு முன்னால். அந்த மக்கள் பேசியது ஆக்ஸிதான் மொழி. எழுத்தர் பதிந்தது லத்தீனில். பயந்து நிற்கிற ஆள் சொன்னதை வேறு மொழியில் வேறொருவர் எழுதினார், அதிலிருந்து "கிராமத்தார் இப்படித்தான் வாழ்ந்தார்கள்" என்று முடிவு கட்டலாமா என்று மானுடவியலாளர் ரெனாட்டோ ரொசால்டோ உள்ளிட்டவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அள்ளிக்கொண்டு போன வாசகர்களில் எத்தனை பேருக்கு அது எட்டியிருக்கும்? நூல் சுவையாக இருந்தது, நம்பிவிட்டார்கள். வட்டார நூலில் நான் பயப்படுவதே இதற்குத்தான். நெருக்கமாக எழுதினால் எல்லாம் உண்மை போலவே தோன்றும்.

ஓலைக்கட்டு:
ரொசால்டோவால் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்க முடிந்தது? லாதுரி தன் மூலத்தை மறைக்கவில்லை. எந்தப் பதிவேடு, யார் சொன்னது என்று அடிக்குறிப்பில் கொடுத்திருந்தார். அந்த லத்தீன் பதிவேட்டை ழான் துவெர்னுவா 1965லேயே மூன்று தொகுதிகளாக அச்சிட்டிருந்தார். சந்தேகம் வந்தவர் எடுத்துச் சரிபார்க்கலாம். பாதிப் பக்கம் அடிக்குறிப்பு என்று முதலில் குறைப்பட்டீர்களே, அந்த அடிக்குறிப்புதான் ஆசிரியரோடு சண்டை போட உங்களுக்கு இருக்கும் உரிமை. தொகுப்பு நூலில் அந்த உரிமையைப் பிடுங்கிவிட்டுத்தான் சுலபமான நடையைக் கொடுக்கிறார்கள்.

ஊர்ப்பெருமை நூலையும் இதே வழியில் அடையாளம் காணலாம். "இதற்குக் கல்வெட்டு ஆதாரம் உண்டு" என்று எழுதிவிட்டு எந்தக் கல்வெட்டு என்று சொல்லாமல் போனால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். 1880களிலிருந்து அரசின் கல்வெட்டுத் துறையினர் கல்வெட்டுகளைப் படியெடுத்து, ஆண்டுக்கு ஆண்டு எண் போட்டு அறிக்கையாக வெளியிட்டு வருகிறார்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதி வரிசை 1890இல் தொடங்கியது. இன்ன ஆண்டு, இன்ன எண் என்று ஒரு வரி சேர்க்க ஆசிரியருக்கு அரை நிமிடம் போதும். அதைச் செய்யாதவர் நம்மை நம்பச் சொல்கிறார். செய்தவர் நம்மைப் பார்க்கச் சொல்கிறார்.

நடுநிசி வாசகி:
தமிழிலேயே பார்ப்போமே. தொ. பரமசிவன் மதுரைப் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு 'அழகர் கோயில்' என்ற பெயரில் 1989இல் நூலாக வந்தது. ஒரே ஒரு கோயிலைத்தான் எடுத்துக்கொண்டார். அந்தக் கோயிலுக்கும் சுற்றியுள்ள பல சாதி மக்களுக்கும் என்ன உறவு, யார் என்ன உரிமையோடு வருகிறார்கள், திருவிழாவுக்குப் பின்னால் எந்த அரசியல் இருக்கிறது என்று கேட்டார். அது ஆய்வேடுதான். ஆய்வேட்டின் அமைப்பு அதில் தெரியத்தான் செய்கிறது. ஆனாலும் சமயம், சமூகம் பற்றி யோசிக்கிற தமிழ் வாசகர்கள் அதை விடாமல் படிக்கிறார்கள். படித்து முடித்தவர் வேறு எந்தக் கோயில் திருவிழாவுக்குப் போனாலும், யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கிவிடுகிறார். ஒரு இடத்தில் கற்றது எல்லா இடத்துக்கும் கண்ணாகிறது.

கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லூரிப் பட்டம் இல்லாதவர் செய்த வேலை. பிறகு கொங்குக்கும் நாஞ்சில் நாட்டுக்கும் அதுபோல அகராதிகள் வந்தன.

சிற்றோடை:
புள்ளிவிவரம் மட்டுமே உள்ள வறண்ட வட்டார நூலும் வாசகருக்கு உதவும் என்று நான் இன்னும் ஒரு படி மேலே போகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் தன் மாணவர்களைத் தென்னிந்தியக் கிராமங்களுக்கு அனுப்பினார். யாரிடம் எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன் என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். 1918இல் நூலாயிற்று. அன்றைக்கு அதை யார் சுவைத்துப் படித்திருப்பார்கள்? ஆனால் அதே ஊர்களுக்கு 1930களில் மறுபடி போனார்கள், 1980களில் போனார்கள், அவற்றில் ஒன்றான இருவேல்பட்டுக்கு 2008இலும் போனார்கள். ஒரே ஊரின் நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, கூலி வேலை எப்படி மாறியது என்று ஏறக்குறைய நூறு வருடத்தை நாம் அடுத்தடுத்துப் பார்க்க முடிகிறது. கிராமம் அழிந்துகொண்டிருக்கிறது என்றோ வளர்ந்துகொண்டிருக்கிறது என்றோ யாராவது மேடையில் முழங்கினால், எந்தக் கிராமம், எந்த வருடம் என்று திருப்பிக் கேட்கிற தைரியம் எனக்கு இந்த மாதிரி நூல்களால் வந்தது.

வேங்கைமரம்:
இந்த வாதத்தின் பலம் எனக்குத் தெரிகிறது. அப்புறமும் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். நீங்கள் எல்லோரும் காட்டுவது உச்சத்தில் இருக்கும் நூல்கள். லாதுரியும் தொ.ப.வும் எழுதத் தெரிந்தவர்கள். அவர்களைக் காட்டி மொத்தக் குவியலையும் சிபாரிசு செய்யக்கூடாது. ஊரின் எல்லை தெரியாத வாசகருக்கு ஒரு வரைபடம்கூட இல்லாமல், பின்னால் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் சொல்லடைவு இல்லாமல், "முன்னர்க் கூறியவாறு" என்று எந்தப் பக்கம் என்றும் சொல்லாமல் வருகிற நூல்கள்தான் அதிகம். அதில் சிக்கி வெறுத்துப்போன வாசகர் வரலாறு பக்கமே திரும்ப மாட்டார். அந்த இழப்பை யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

நடுநிசி வாசகி:
நான் பதிப்பு வேலையில் இருக்கிறேன், அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. இந்தக் குறை நூறு சதவீதம் உண்மை, அதற்குக் காரணம் நூலின் பொருள் அல்ல, வேலை பாதியில் நிற்பது. ஆய்வேட்டின் முதல் வாசகர் தேர்வாளர். ஆகவே "எனக்கு இதெல்லாம் தெரியும்" என்று காட்டும் அத்தியாயம் அதில் இருந்தே தீரும். புத்தகமாக்கும்போது முதலில் அதைத் தூக்க வேண்டும். ஊர்ப்பெயர் வருகிற முதல் இடத்துக்குப் பக்கத்தில் வரைபடம் வர வேண்டும். காலவரிசை ஒரு பக்கம் வேண்டும். சொல்லடைவு தயாரிக்க ஓர் ஆள் உட்கார்ந்து நாள் கணக்கில் வேலை செய்ய வேண்டும், அதற்குக் காசு ஒதுக்க மாட்டேன் என்கிறார்கள். களத்தில் வருடக்கணக்கில் அலைந்து சேர்த்ததை, கடைசிக் கட்டத்தில் இப்படிக் கைவிடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனால் அந்தக் கோபத்தைப் பதிப்பகங்கள் மீது காட்டுங்கள். வாசகரை இந்த நூல்களிடமிருந்து திருப்பி அனுப்பாதீர்கள்.

வேங்கைமரம்:
திருப்பி அனுப்பவில்லை, அம்மா. வரிசையை மாற்றச் சொல்கிறேன். முதலில் பெரிய படம் காட்டும் ஒரு தொகுப்பு நூல். அதில் எந்த இடம் உறுத்துகிறதோ அந்த இடத்துக்கு உரிய வட்டார ஆய்வு அடுத்தது. சோழர் ஆட்சி எங்கே, எப்போது என்றே தெரியாதவர் கையில் அல்லூர் நில ஆவணங்களைக் கொடுத்தால், அவருக்கு அது வெறும் பெயர்ப்பட்டியல்.

ஓலைக்கட்டு:
நான் தலைகீழாகத்தான் கொடுப்பேன். முழு நூலையும் இல்லை, ஒரு ஆவணத்தை மட்டும். ஒரே ஒரு நில விற்பனைக் கல்வெட்டு: விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், கிழக்கெல்லை வாய்க்கால், மேற்கெல்லை இன்னார் நிலம், கையெழுத்திட்டவர்கள். இதைப் படித்த யாருக்கும் "இவர்கள் யார், ஏன் விற்றார்கள்" என்ற கேள்வி தானாக வரும். தொகுப்பு நூலை அப்போது கொடுங்கள், வேகமாகப் படிப்பார்.

வேங்கைமரம்:
அந்த ஒற்றை ஆவணத்தை, பழந்தமிழ்ச் சொற்களுக்குப் பொருளோடும் ஊரின் வரைபடத்தோடும் இங்கே பதிவிடுங்கள். கல்வெட்டு எண்ணையும் மறக்காமல் போடுங்கள். வரலாறு அதிகம் படிக்காத நான்கைந்து நண்பர்களிடம் காட்டி, அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று வந்து சொல்கிறேன்.