நடுத்தர அளவு நெட்வொர்க்குக்கு ஐபிவி6 இப்போதே தேவையா?

கம்பிவடம்:
ஏறக்குறைய 300 கணினிகள் கொண்ட ஓர் அலுவலக நெட்வொர்க்கைப் பதினொரு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். மேலிடம் கேட்டுக்கொண்டதால் சென்ற மாதம், கணினிகளுக்கு நீண்ட முகவரி தரும் புதிய இணைய நெறிமுறையான ஐபிவி6ஐ இயக்கிப் பார்த்து, பத்தே நாளில் நிறுத்திவிட்டேன். இணைப்பு இருக்கிறதா என்று சோதிக்கும் பிங் சரியாகப் போனது. சிறிய பக்கங்கள் உடனே திறந்தன. ஆனால் சற்றுப் பெரிய கோப்பை அனுப்பினால் இணைப்பு அப்படியே உறைந்து நின்று, ஒரு நிமிடம் கழித்து அறுந்தது. புகார்களுக்குப் பதில் சொல்வதிலேயே இரண்டு நாள் கழிந்தது.

பழைய நெறிமுறையான ஐபிவி4இல் எனக்கு ஒரு குறையும் இல்லை. உள்ளே தனிப்பயன் முகவரிகள், வெளியே, பல கணினிகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் நாட் வழியாக நான்கே பொது முகவரிகள், எல்லாம் நடக்கின்றன. ஐபிவி6இன் முதல் வரையறை 1995 டிசம்பரில் வெளியானது. கூகுள் தன் பயனர்களிடம் எடுக்கும் அளவீட்டின்படி, அது இத்தனை ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிப் பேரைத்தான் எட்டியிருக்கிறது. எனவே குறை காத்திருப்பவர்களிடம் இல்லை, வடிவமைத்தவர்களிடம் இருக்கிறது என்பதே என் கருத்து. பழைய நெறிமுறையோடு நேரடியாகப் பேசவே முடியாத ஒன்றை ஏன் உருவாக்கினார்கள்?

நள்ளிரவுப்பணி:
கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஐபிவி4 பாக்கெட்டின், அதாவது அனுப்பப்படும் தரவுத் துண்டின், தலைப்பகுதியில் அனுப்புநர் முகவரிக்கு 32 பிட், பெறுநர் முகவரிக்கு 32 பிட் என்று 1981இலேயே இடம் அளந்து வைத்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரே ஒரு பிட்டைக் கூட்டினாலும் பழைய ரவுட்டருக்கு அது புரியாது. ஆகவே முகவரியை நீட்டும் எந்தத் திட்டமும், அது 128 பிட்டாக இருந்தாலும் 40 பிட்டாக இருந்தாலும், பழையதோடு நேரடியாகப் பேச முடியாததாகவே இருந்திருக்கும். 1983 ஜனவரி 1 அன்று இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் முழுவதையும் ஒரே நாளில் இன்றைய இணைய நெறிமுறைகளான டிசிபி/ஐபிக்கு மாற்ற முடிந்ததற்குக் காரணம், அப்போது அதில் சில நூறு கணினிகளே இருந்தன.

வடிவமைத்தவர்கள்மீது ஒரு குறை சொல்லலாம், அதை நானும் சொல்வேன். முகவரிகள் தீர்வதற்கு முன்பே எல்லோரும் இரண்டு நெறிமுறைகளையும் அருகருகே இயக்கத் தொடங்கிவிடுவார்கள் என்று அவர்கள் நம்பினார்கள். அந்தக் கணக்கு தப்பிவிட்டது. ஐபிவி4இன் மொத்தம் 429 கோடி முகவரிகள்தான். உலக மைய இருப்பிலிருந்த அவற்றின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஐரோப்பியப் பதிவகமான ரைப்பிடம் எஞ்சியிருந்தவையும் 2019 நவம்பர் 25 அன்று தீர்ந்தன.

இனி உங்கள் நெட்வொர்க்கில் நடந்தது. ஃபயர்வாலில் பிங்கைத் தவிர, நெட்வொர்க்கின் பிழை அறிவிப்புகளைச் சுமக்கும் ஐசிஎம்பி முழுவதையும் அடைத்து வைத்திருக்கிறீர்களா? ஐபிவி6இல் வழியிலுள்ள ரவுட்டர் பெரிய பாக்கெட்டைத் துண்டாக்காது. அனுப்பிய கணினிதான் அளவைக் குறைக்க வேண்டும். வழியில் ஓர் இணைப்பு 1480 பைட்டுக்கு மேல் தாங்காது என்றால், அங்குள்ள ரவுட்டர் பாக்கெட்டைக் கைவிட்டு, “பாக்கெட் மிகப் பெரியது” என்ற ஐசிஎம்பிவி6 செய்தியைத் திருப்பி அனுப்பும். அது உங்கள் ஃபயர்வாலில் மடிந்துபோனால், அனுப்பிய கணினி அதே 1500 பைட் பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். பிங்கும் சிறிய பக்கங்களும் அந்த அளவை எட்டாததால் தப்பித்துவிடுகின்றன. ஐபிவி4இல் இதே கோளாறு தெரியாமல் இருப்பதற்கு, யாரோ ஒருவர் எப்போதோ ஃபயர்வாலில் எழுதிவைத்த டிசிபி பாக்கெட்டுகளின் அளவை முன்கூட்டியே குறைத்துவிடும் விதி ஒன்று காரணமாக இருக்கலாம்.

கம்பிவடம்:
பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான். பிங் தவிர, வெளியிலிருந்து வரும் ஐசிஎம்பிவி6 முழுவதும் அடைக்கப்பட்டிருந்தது; ஐபிவி4 பக்கத்தில் அந்த விதியும் இருந்தது, எனக்கு முன்பு இங்கே இருந்தவர் எழுதியது. கண்டுபிடித்துச் சொன்னதற்கு மனமார்ந்த நன்றி.

ஆனால் என் வாதம் இதனால் வலுப்படவே செய்கிறது. இனி நான் இரண்டு ஃபயர்வால் விதித்தொகுப்புகளைப் பராமரிக்க வேண்டும். ஒரு பக்கம் திருத்திய விதியை மறுபக்கம் திருத்த மறந்தால் அதுவே ஓட்டையாகிவிடும். இந்த இரட்டை வேலைக்கு ஈடாக என் பயனர்களுக்குப் புதிதாக என்ன கிடைக்கிறது? தவிர, நாட் இருப்பதால் வெளியிலிருந்து யாரும் உள்ளே நேரடியாக வர முடியாது என்ற நிம்மதியும் போய்விடுகிறது.

திறந்தகதவு:
உங்களுக்கு நான்கு பொது முகவரிகள் இருப்பதால்தான் குறை தெரியவில்லை. எனக்கு ஒன்றுகூட இல்லை.

என் வீட்டு இணைப்பில் கிடைப்பது 100.64இல் தொடங்கும் முகவரி. சேவை நிறுவனங்கள் தங்கள் பெரிய நாட் கருவிகளுக்குப் பின்னால் பயன்படுத்துவதற்கென்று 2012இல் ஒதுக்கப்பட்ட தொகுதி அது. ஒரு பொது முகவரிக்கு டிசிபியில், இணைப்புகளைப் பிரித்தறியும் எண்களான போர்ட்டுகள் 65,536தான். அவற்றைப் பல வீடுகள் பங்குபோட்டுக்கொள்கிறோம். அந்தக் கூட்டத்தில் முன்பின் தெரியாத ஒருவர் செய்த தவற்றுக்காக, ஓர் இணையதளம் என்னை மூன்று நாள் உள்ளே விடவில்லை. யாரிடம் முறையிட்டாலும் “உங்கள் முகவரியிலிருந்து அளவுக்கு மீறிய கோரிக்கைகள் வருகின்றன” என்ற ஒரே பதில்தான் வந்தது. அது என் முகவரியே அல்ல என்பதை அவர்களுக்கு விளங்கவைக்க என்னால் முடியவில்லை. என் கோப்புகளுக்காக வீட்டில் ஒரு சிறிய சர்வர் வைத்திருக்கிறேன்; வெளியூரிலிருந்து அதை அடைய இன்னொருவருடைய சர்வரை இடையில் வைத்தாக வேண்டியிருக்கிறது. இணையத்தில் யாரும் யாரையும் நேரடியாக அடையலாம் என்று இருந்த நிலையை ஒரு தலைமுறை பார்த்ததேயில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தமளிக்கிறது.

நாட் தரும் பாதுகாப்பைப் பொறுத்தவரை, அழைக்காமல் வரும் இணைப்பைத் தடுப்பது இணைப்பு நிலையைக் கண்காணிக்கும் ஃபயர்வாலின் வேலை. ஐபிவி6இலும் அதே விதியை எழுதலாம்.

பொட்டலம்:
இந்த உற்சாகத்தோடு என்னால் சேர முடியவில்லை. நாட் கருவிக்குப் பின்னால் ஒரு வீட்டின் பத்துக் கருவிகளும் ஒன்றாகக் கலந்து தெரிகின்றன. ஐபிவி6இல் ஒவ்வொன்றும் தனி முகவரியோடு வெளியே போகிறது. தொடக்க கால வடிவமைப்பில் அந்த முகவரியின் பின்பாதி, கருவியின் வன்பொருளுக்கே உரிய மேக் எண்ணிலிருந்தே உருவாக்கப்பட்டது. கருவி எந்த நெட்வொர்க்குக்குப் போனாலும் அடையாளம் கூடவே போயிற்று. அந்தரங்கத்தை இவ்வளவு இலேசாக எடுத்துக்கொண்டவர்களை நான் ஏன் நம்ப வேண்டும்?

நள்ளிரவுப்பணி:
மேக் எண்ணை வைத்தது தவறுதான். ஆனால் தற்காலிக முகவரி முறை 2001இலேயே வரையறுக்கப்பட்டு, 2021இல் மீண்டும் திருத்தப்பட்டது. அதன்படி கருவி ஏறத்தாழ நாளுக்கு ஒருமுறை புதிய பின்பாதியை எடுத்துக்கொள்கிறது. முன்பாதி இது எந்த வீடு என்பதைக் காட்டும். அதைத்தான் உங்கள் ஐபிவி4 பொது முகவரியும் காட்டுகிறது.

பொட்டலம்:
முகவரி நாள்தோறும் மாறினால், கம்பிவடம் போன்றவர்கள் பதிவேட்டைப் பார்த்து எந்தக் கணினி எதைச் செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? எனக்குத் தந்த பதிலே அவருக்குத் தொல்லையாகிறது.

நள்ளிரவுப்பணி:
ஆம், அது மெய்யான தொல்லை. எந்த மேக் எண் எந்த நேரத்தில் எந்த முகவரியை வைத்திருந்தது என்பதை ரவுட்டரின் அண்டைக் கருவிப் பட்டியலிலிருந்து அவ்வப்போது எடுத்துச் சேமிக்க வேண்டும். நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கிறேன்.

கம்பிவடத்துக்கு இன்னொன்று சொல்ல வேண்டும், எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான். ஐபிவி6ஐ நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் நிறுத்தியது ரவுட்டரில். உங்கள் 300 கணினிகளிலும், யாரும் வேண்டுமென்றே அணைத்திருந்தாலொழிய, அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எதையாவது திறந்து பாருங்கள், எஃப்ஈ80 என்று தொடங்கும் ஐபிவி6 முகவரி இருக்கும். உள்ளே நுழைந்த ஒரு கருவி “நானே ரவுட்டர்” என்று ஓர் அறிவிப்பை அனுப்பினால், அத்தனை கணினிகளும் அதை நம்பி முகவரி அமைத்துக்கொண்டு, ஐபிவி4ஐவிட ஐபிவி6க்கே முன்னுரிமை தந்து அதன் வழியாகப் போகத் தொடங்கும். நீங்கள் ஐபிவி4 பதிவேட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது உங்கள் கண்ணில் படவே படாது.

கம்பிவடம்:
இதை நான் யோசிக்கவில்லை. இன்று காலை ஒரு கணினியில் இரண்டு மணி நேரம் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தேன், அறிவிப்பு வந்தது. தாக்க வந்த ஆள் யாரும் இல்லை, கூட்ட அறையில் யாரோ செருகி மறந்துபோன ஒரு சிறிய ரவுட்டர். எத்தனை மாதமாக அங்கே இருக்கிறதோ.

விருந்தினர் வைஃபையில் முதலில் இயக்குகிறேன், “பாக்கெட் மிகப் பெரியது” செய்தியை அனுமதித்து. ஆனால் ஊதியக் கணக்கு சர்வர் ஐபிவி4இல் மட்டுமே இருக்கும். அதை மாற்ற வேண்டும் என்பதற்கு இதுவரை இங்கே யாரும் காரணம் சொல்லவில்லை.

நள்ளிரவுப்பணி:
அதை மாற்ற வேண்டாம், எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் அந்த சர்வர் இணைந்திருக்கும் சுவிட்சில் போலி ரவுட்டர் அறிவிப்பைத் தடுக்கும் ஆர்ஏ கார்டு வசதியை இன்றே இயக்கிவிடுங்கள். வைஃபை பிரிவில், கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபியின் 108ஆம் விருப்பத்தையும் சேர்த்துப் பாருங்கள். அதை அறிந்த கைபேசிகள் ஐபிவி4 முகவரியைக் கேட்காமலே இருந்துவிடும். ஆனால் அதற்கு முன்பு, ஐபிவி6 மட்டும் உள்ள கருவிகளை ஐபிவி4 தளங்களோடு பேசவைக்கும் நாட்64 தயாராக இருக்க வேண்டும், இல்லையென்றால் தொலைபேசி மறுபடியும் அடிக்கத் தொடங்கும்.