கொய்யா வேர்முடிச்சு நூற்புழு: இரண்டு பெயரை ஒன்றாக்கியது சரிதானா?

மேட்டாங்காடு:
பல்லடம் பக்கம் நமக்குக் கொய்யாத் தோட்டம். மரம் மரமாக இலை செம்பழுப்பாகி வாடுது. ஒன்றைத் தோண்டிப் பார்த்தால் வேர் முழுக்கப் புடைப்பு. பரிசோதனை அறிக்கையில் ‘மெலாய்டோகைனி என்டெரோலோபி’ என்று இருக்கிறது. என் மச்சான் வைத்திருக்கும் பழைய பாடப்புத்தகத்தில் இதே அறிகுறிக்கு ‘மெலாய்டோகைனி மயாகுயென்சிஸ்’ என்று போட்டிருக்கிறான். கேட்டால் இரண்டும் ஒன்றுதான், பெயரை இணைத்துவிட்டார்கள் என்கிறார்கள். ஏனுங்க, பெயரை மாற்றினால் புழு செத்துவிடுமா? வகைப்பாட்டுக்காரர்களுக்கு வேறு வேலை இல்லை போல.

வேர்நோக்கி:
சாகாதுங்க. ஆனால் பெயர் தப்பானால் நீங்கள் செய்யும் வேலை தப்பாகிவிடும். என்டெரோலோபி 1983இல் சீனாவில் விவரிக்கப்பட்டது. மயாகுயென்சிஸ் 1988இல் புவேர்ட்டோ ரிகோவில், கத்தரி வேரிலிருந்து. இரண்டு கண்டம், இரண்டு குழு. அதனால் ஒரே புழுவைப் பற்றிய ஆய்வுகள் இரண்டு பெயரில் பிரிந்து கிடந்தன. ஒரு நாட்டின் தடைப்பட்டியலில் ஒரு பெயர் இருக்கும், அங்கே வரும் நாற்றின் அறிக்கையில் இன்னொரு பெயர் இருக்கும். அதிகாரி எதை வைத்துத் தடுப்பார்? 2012இல்தான் இரண்டும் ஒன்று என்று முறைப்படி அறிவித்தார்கள்.

நொய்யல்கரை:
அண்ணா, இங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. இந்தப் புழு ஆண் சேராமலேயே முட்டையிடுகிறது. ‘தங்களுக்குள் இனப்பெருக்கம் செய்யும் கூட்டம் ஓர் இனம்’ என்ற வரையறையே இதற்குப் பொருந்தாது. அப்புறம் எந்த அளவுகோலில் ஒன்று, இரண்டு என்கிறீர்கள்? மரபணு நெருக்கம்தான் அளவுகோல் என்றால், இதே மெலாய்டோகைனியில் தக்காளியைத் தாக்கும் இன்காக்னிட்டா, ஜாவனிக்கா, அரெனேரியா மூன்றும் அவ்வளவு நெருங்கியவை. அவற்றை மட்டும் ஏன் தனித்தனியாக விட்டிருக்கிறீர்கள்? கொய்யாப் புழுவுக்கு ஒரு நியாயம், தக்காளிப் புழுவுக்கு ஒரு நியாயமா?

வேர்நோக்கி:
நல்ல கேள்வி தங்கச்சி, ஆனால் மரபணுவை மட்டும் பார்த்து இணைக்கவில்லை. வேரைக் கீறினால் உள்ளே பேரிக்காய் வடிவில் வெள்ளையாக ஒரு பெண் புழு இருக்கும். அதன் பின்பகுதியை வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் ஆசனவாயைச் சுற்றிக் கைரேகை போல வரிகள் தெரியும். 1949இல் சிட்வுட் இந்த வரிகளை முக்கியமாக வைத்துத்தான், அதுவரை ‘ஹெட்டிரோடெரா’ என்று ஒரே பெயரில் குழப்பிக் கிடந்ததைப் பிரித்து மெலாய்டோகைனிக்குள் பல இனங்களாக்கினார். என்டெரோலோபி, மயாகுயென்சிஸ் இரண்டின் மூல மாதிரிகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். புழுவின் எஸ்டரேஸ் நொதியைக் கூழில் ஓடவிட்டுப் பிரித்தால் தெரியும் பட்டைகளும் ஒன்றாகவே இருந்தன. 2004லேயே மைட்டோகாண்ட்ரிய மரபணுவும் ஒன்று என்று தெரிந்துவிட்டது. இன்காக்னிட்டா, ஜாவனிக்கா இரண்டையும் அதே எஸ்டரேஸ் சோதனையில் தெளிவாகப் பிரிக்க முடிகிறது. அதனால்தான் அவை தனியாக நிற்கின்றன.

நொய்யல்கரை:
ஒரு நொதிப்பட்டைக்காக இனம் பிரிப்பீர்கள், சரி. அந்த வரிகளைப் பற்றியாவது உண்மையைச் சொல்லுங்கள். ஒரே முடிச்சில் எடுத்த புழுக்களிலேயே வரி மாறும். என்டெரோலோபியை இன்காக்னிட்டா என்று எழுதிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. இதில் கடல் நூற்புழுக்காரர்கள் பாடு இன்னும் மோசம். 1865இல் பாஸ்டியன் ‘மோன்ஹிஸ்டிரா’ என்று பெயரிட்டதில் ஒன்று பிறகு ‘ஜியோமோன்ஹிஸ்டிரா’ ஆனது, அப்புறம் ‘ஹாலோமோன்ஹிஸ்டிரா’ ஆனது. புழு அதே கடல்பாசியில்தான் இருக்கிறது.

வேர்நோக்கி:
அது பேரினம் மாறியது. அதில் முன்பெயர்தான் போகும். இங்கே இரண்டு இனமும் தாக்கும் பயிர்களின் பட்டியல், பரவிய நாடுகளின் பட்டியல், எதிர்ப்புச் சோதனை எல்லாம் ஒரே கணக்கில் சேர்கின்றன. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதே.

மேட்டாங்காடு:
நீங்கள் இரண்டு பேரும் பேசுவது காதில் விழுகிறது, தோட்டத்துக்கு என்ன சொல்லுகிறீர்கள்? நூற்புழுவைக் கட்டுப்படுத்த வேரில் போட வாங்கிய உயிர்ப்பூசணம் ‘பேசிலோமைசிஸ்’. கடைக்காரத் தம்பி, ‘அதற்கும் பெயர் மாறிவிட்டதுங்க, இப்போது பர்ப்பியூரியோசில்லியம்’ என்கிறான். மருந்துக்கும் மறுபெயர், நோய்க்கும் மறுபெயர். வேப்பம் புண்ணாக்கு மட்டும்தான் இன்னும் வேப்பம் புண்ணாக்காக இருக்கிறது.

வேர்நோக்கி:
மரத்துக்கு நடுவே என்ன போட்டிருக்கிறீர்கள்?

மேட்டாங்காடு:
தக்காளி. நூற்புழு தாங்கும் ரகம் என்று பாக்கெட்டில் ‘எம்.ஏ., எம்.ஐ., எம்.ஜே.’ என்று அச்சடித்திருந்தது. அதிலும் முடிச்சு.

வேர்நோக்கி:
இதைத்தான் சொல்ல வந்தேன். அந்த மூன்று எழுத்தும் அரெனேரியா, இன்காக்னிட்டா, ஜாவனிக்கா. தாங்கும் ரகத்தில் இருக்கும் ‘எம்ஐ’ என்கிற எதிர்ப்பு மரபணு (பாக்கெட்டில் உள்ள எம்.ஐ. வேறு) அந்த மூன்றையும் தடுக்கும், என்டெரோலோபியைத் தடுக்காது. மண் 28 டிகிரியைத் தாண்டிச் சூடானால் அந்த மூன்றுக்கும்கூட அதன் பிடி தளர்ந்துவிடும். உங்கள் அறிக்கையில் இன்காக்னிட்டா என்று தப்பாக எழுதியிருந்தால், அடுத்த போகமும் அதே விதையைத்தான் வாங்கியிருப்பீர்கள்.

நொய்யல்கரை:
இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இது இனத்தைச் சரியாகக் கண்டுபிடித்ததற்கான வாதம். இரண்டு பெயரை ஒன்றாக்கியதற்கான வாதம் இல்லை.

மேட்டாங்காடு:
தக்காளியைப் பிடுங்கிவிட்டுச் செண்டுமல்லி போடலாமா? கொய்யாப் பதியன் எடுத்த நர்சரியில் கேட்டால், எங்கள் நாற்றில் வரவே வராது, உங்கள் மண்ணில் இருந்தது என்கிறார்.

வேர்நோக்கி:
தக்காளி வேரை ஒன்று விடாமல் எடுத்து எரித்துவிட்டுச் செண்டுமல்லி போடுங்கள். வாடின மரத்தை அது மீட்காது, மண்ணில் புழு பெருகுவதைக் குறைக்கும். நர்சரிக்காரர் சொல்வதைச் சோதிக்கலாம். அங்கே விற்காமல் மிஞ்சிய பதியன் ஒன்றை வாங்கி, பையைக் கிழித்து வேரைப் பாருங்கள். முடிச்சு இருந்தால் மெல்லிய வேரும் ஒரு பிடி மண்ணும் பாலிதீன் பையில் கட்டிக் கொண்டுவாருங்கள். காய விடாதீர்கள், வண்டி சீட்டில் வெயிலில் வைக்காதீர்கள்.