புதுப்பிப்பு: செங்கோட்டை நண்பர் வீட்டில் இருவருக்குப் புற்றுநோய், எது கைகொடுத்தது

அம்மா, அண்ணன் இருவருக்கும் புற்றுநோய் என்று தெரிந்த நண்பருக்கு எப்படித் துணை நிற்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முதலில் பலித்தது, "ரிப்போர்ட் மட்டும் போதாது, பயாப்ஸி பிளாக், ஸ்லைடு இரண்டையும் வாங்குங்கள்" என்ற யோசனை. பிளாக் என்பது சோதனைக்கு எடுத்த திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி; ஸ்லைடு என்பது அதில் மெல்லியதாகச் சீவி ஒட்டிய கண்ணாடித் தகடு. திருவனந்தபுரம் மருத்துவமனையில் திசுவை மறுபடி பார்த்துவிட்டுத்தான் சிகிச்சையை முடிவு செய்தார்கள். கூடுதல் சோதனைக்கும் பிளாக்தான் வேண்டும். லேபில் நோயாளி கையெழுத்திட்ட கடிதமும் ஆதார் நகலும் கேட்டார்கள். பிளாக் மெழுகு என்பதால், வெயிலில் நிற்கும் காரில் வைக்கக் கூடாது.

ரயில் சலுகையும் கிடைத்தது. மருத்துவமனைச் சான்றிதழுடன் கவுண்டரில் எடுத்தால் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசியில் நோயாளிக்குக் கட்டணமில்லை. துணைக்கு ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி.

எதிர்பாராதது: இருவர் காகிதங்களும் ஒரே பையில் கலந்துபோயின. ஆளுக்கொரு நிறத்தில் ஃபைல் போட்டபின்தான் நிம்மதி.

கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனை, நள்ளிரவானாலும்.