2023 டிசம்பர் 30: பிஸ்டன்ஸ் வென்ற மாலை, லயன்ஸ் தோற்ற இரவு. நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

உட்வர்ட் வாசி

அந்த நாளைப் பற்றி இங்கே யாருக்கும் முன்கதை தேவைப்படாது. டெட்ராய்டின் கூடைப்பந்து அணியான பிஸ்டன்ஸ் 28 ஆட்டங்களைத் தொடர்ந்து தோற்றிருந்தது. இதே நகரின் அமெரிக்கக் கால்பந்து அணியான லயன்ஸோ அதற்கு முந்தைய ஞாயிறன்றுதான் மினசோட்டாவை 30-24 என வென்று, 1993-க்குப் பிறகு முதன்முறையாகத் தன் பிரிவின் பட்டத்தைப் பெற்றிருந்தது. நான் அன்று லிட்டில் சீசர்ஸ் அரங்கில் இருந்தேன். டொரன்டோவுக்கு எதிரான ஆட்டம் 129-127 என முடிந்தவுடன், எனக்கு முன்வரிசையில் அமர்ந்து அதுவரை ஒரு வார்த்தையும் பேசாதிருந்த ஒரு முதியவர் திரும்பி என்னை இறுகக் கட்டிக்கொண்டார். பிஸ்டன்ஸ் சட்டைக்கு மேல் லயன்ஸ் கோட்டு அணிந்திருந்தார். கட்டிக்கொண்ட கை விலகுவதற்குள் மற்றொரு கை கைப்பேசியை எடுத்து, டல்லஸில் ஆட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கிவிட்டது.

அருகிலிருந்த மதுக்கூடத்தில் அவரை மீண்டும் கண்டேன். கடைசி நிமிடத்தில் லயன்ஸின் செயின்ட் பிரவுன் டச்டவுன் (ஆறு புள்ளிகள்) அடித்து 20-19 ஆனதும், சமன் செய்ய ஒரு புள்ளி தரும் ஓர் உதை போதும் என்ற நிலையில் பயிற்சியாளர் டான் கேம்பெல் வெற்றி தரும் இரண்டு புள்ளி முயற்சிக்குப் போனதும், டெக்கர் பந்தைப் பிடித்ததும், அது விதிமீறல் என்று நடுவரின் மஞ்சள் கொடி விழுந்ததும் உங்கள் அனைவருக்கும் மனப்பாடம். கூடமே கூச்சலிட்டபோது அவர் மட்டும் எழுந்து கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, "ஒரே நாளில் இரண்டும் கேட்டால் எப்படி?" என்றார். இன்னும் இரண்டு முயற்சிகள் மிச்சமிருக்கின்றன என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. அவர் அவற்றைப் பார்க்கவே இல்லை. வெளியேறும்போது கேலியாகச் சொன்னாரா, கசந்து சொன்னாரா என்பதுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ஸ்கார்பரோ ரசிகை

உங்கள் மாலைப்பொழுதைக் கெடுக்க நான் விரும்பவில்லை. ஆயினும் அந்த வெற்றியை எடுத்துரைக்கும்போது டெட்ராய்ட்காரர் எவரும் ஒரு விடயத்தைக் குறிப்பிடுவதில்லை. அன்றுதான் எங்கள் டொரன்டோ நிர்வாகம் ஓ.ஜி. அனுநோபி, அச்சிவா, ஃபிளின் ஆகிய மூவரையும் நியூயார்க்குக்கு மாற்றிக்கொடுத்தது. பதிலுக்குக் கிடைத்த பாரெட்டும் குவிக்லியும் அப்போது வந்து சேர்ந்திருக்கவில்லை. அதாவது, பிஸ்டன்ஸ் வென்றது பாதி காலியான ஓர் அணியை. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு: அந்தப் பேரத்தில் எங்களுக்குக் கிடைத்த இரண்டாம் சுற்று டிராஃப்ட் தெரிவு (புதிய வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை; அதிகம் தோற்கும் அணிக்கு முன்னுரிமை) டெட்ராய்டினுடையது. பிஸ்டன்ஸ் எவ்வளவு தோற்கிறதோ அவ்வளவு எங்களுக்கு நன்மை என்றான அன்றே அவர்களிடம் போய்த் தோற்றோம்.

எங்கள் வீட்டில் அண்ணா அனுநோபியின் பெயர் பொறித்த சட்டையுடன்தான் அமர்ந்திருந்தார். கடைசிச் சங்கு ஒலித்தபோது அவர் தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை. சட்டையின் முதுகுப்புறத்தைத் தெரியாதபடி நாற்காலியில் அழுத்திச் சாய்ந்துகொண்டு, "இனி அந்த 28-ஐப் பற்றி எழுதுகிற ஒவ்வொருவரும் எங்கள் பெயரையும் எழுதுவார்கள்" என்றார். 2019-இல் கிண்ணம் வென்றபோது தெருவில் குதித்தவர் அவர். பருவத்தின் நடுவில் ஒரு வீரரை விற்பது அணியின் கணக்குக்குச் சரியாக இருக்கலாம். அன்று காலை அந்தச் சட்டையை அணிந்துகொண்டவருக்கு அதை யார் சொல்வது?

எண்கணக்கர்

என் அனுபவம் மிகச் சிறியது. டிசம்பர் 28 அன்று பாஸ்டனில் பிஸ்டன்ஸ் இடைவேளையின்போது 66-47 என முன்னிலையில் இருந்ததைப் பார்த்து, இன்று தொடர் அறுந்துவிடும் என்று என் மகளை எழுப்பி உட்காரவைத்தேன். கூடுதல் நேரத்தில் 128-122 எனத் தோற்றார்கள். "இதற்காகவா எழுப்பினீர்கள் அப்பா?" என்று கேட்டுவிட்டு அவள் உறங்கப் போய்விட்டாள்.

இனிப் புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சில கருத்துகள். முதலாவதாக, கூடைப்பந்தின் 82 ஆட்டங்களையும் கால்பந்தின் 17 ஆட்டங்களையும் ஒரே மனநிலையில் பார்க்கக் கூடாது. லயன்ஸ் ஒருமுறை தோற்பது, கணக்கின்படி, பிஸ்டன்ஸ் ஏறக்குறைய ஐந்து முறை தோற்பதற்குச் சமம். அதனால் கால்பந்தில் வாரம் முழுவதும் துயரப்படுவதில் ஒரு நியாயம் இருக்கிறது, கூடைப்பந்தில் ஒரு செவ்வாய்க்கிழமைத் தோல்விக்கு உணவைத் தவிர்ப்பதில் நியாயம் இல்லை. அடுத்ததாக, அணி சரிந்துகொண்டிருக்கும்போது வெற்றி தோல்விப் பட்டியலைப் பார்ப்பதைவிட, எத்தனை புள்ளி வித்தியாசத்தில் தோற்கிறார்கள் என்பதைப் பார்ப்பது நல்லது. 27-ஆவது தோல்வியில், அதாவது ஒரே சீசனில் 26 என்றிருந்த பழைய மோசமான சாதனையை முறியடித்த அந்த புரூக்ளின் ஆட்டத்தில், கேட் கன்னிங்ஹாம் 41 புள்ளிகள் எடுத்தார். ஆறு புள்ளிகளில்தான் தோல்வி. நடுப்பருவத்தில் இப்படியொரு வீரர் கையில் இருக்கும் அணியின் ரசிகர் ஜனவரியில் செய்ய வேண்டியது ஒன்றே: லாட்டரியை, அதாவது டிராஃப்டில் முதலில் தெரிவுசெய்வது யார் என்று முடிவாகும் குலுக்கலை, எண்ணிப் பொறுமையாக இருக்க வேண்டும். மேலும், சீசன் டிக்கெட் வாங்க நினைப்பவர்கள் அணி தோற்கும்போதே வாங்கிவிடுவது நல்லது. வெல்லத் தொடங்கிய பிறகு லயன்ஸ் இருக்கைக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். அரங்குக்குப் போகிறவர்கள் வண்டியைத் தொலைவில் நிறுத்திவிட்டு கியூலைன் டிராமில் வந்தால் செலவும் குறையும், திரும்பும் நேரமும் மிச்சமாகும்.

பழைய பேலஸ்

எண்கணக்கர் அவர்களுக்கு: டிராமைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. லாட்டரியைப் பற்றிச் சொன்னதும் எனக்கு ஏற்புடையதல்ல. 2022-23 சீசனில் 17-65 (வெற்றி-தோல்வி) என்று லீக்கிலேயே கடைசியாக வந்த பிஸ்டன்ஸுக்கு முதல் தெரிவு கிடைக்க 14 விழுக்காடுதான் வாய்ப்பு. முதல் தெரிவான விக்டர் வெம்பன்யாமா சான் அன்டோனியோவுக்குப் போனார், நமக்கு ஐந்தாவது இடம் வந்தது. அடுத்த ஆண்டு 14-68. மறுபடியும் ஐந்தாவது இடம். கடைசி அணிக்கு அதைவிடக் கீழே போக விதியில் இடமில்லை. இரண்டு முறையும் நாம் அந்த அடிமட்டம்வரை போனோம். பொறுமையாக இருங்கள் என்று சொல்வதற்கு முன் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

என்னை உறுத்துவது 2024 ஜனவரியில் நடந்தது. லயன்ஸ் ராம்ஸை 24-23 என வென்று, 32 ஆண்டுகளுக்குப் பிறகு பிளேஆஃபில் (பட்டத்துக்கான இறுதிக்கட்ட ஆட்டங்களில்) ஒரு வெற்றி பெற்றிருந்த நேரம். நகரத்தில் எங்கே நாலு பேர் கூடினாலும் லயன்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) பெயரில் "ஜாரெட் காஃப், ஜாரெட் காஃப்" என்ற முழக்கம்தான். அந்த நாட்களில் பிஸ்டன்ஸ் ஆட்டத்துக்குப் போயிருந்தேன். நம் வீரர் ஒருவர் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருக்கையில், மேல்தட்டில் தொடங்கிய அந்த முழக்கம் அரங்கம் முழுவதும் பரவியது. தன் சொந்த அரங்கில், தன் சொந்த ரசிகர்கள், வேறொரு விளையாட்டின் குவார்ட்டர்பேக் பெயரைப் பாட, அவர் ஒரு நொடி பந்தைக் கையில் நிறுத்திக்கொண்டு மேலே பார்த்தார். பிறகு எறிந்தார், உள்ளே போனது. யாரும் கைதட்டவில்லை, ஏனென்றால் யாரும் அதைப் பார்க்கவில்லை.

இதற்கு முன் அதே அரங்கில் "அணியை விற்றுவிடு" என்று உரிமையாளர் டாம் கோர்ஸை நோக்கிக் கத்தினோம். நானும் கத்தினேன், அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. கோபம் அணியோடு ஓர் உறவு. காஃப் முழக்கத்தில் அந்தக் கோபம்கூட இல்லை. ஆபர்ன் ஹில்ஸ் பேலஸில், 2004-இல் பட்டம் வென்ற அணியைப் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே எதிரணியை ஏசுவார்கள், நடுவரை ஏசுவார்கள். தன் அணி ஆடுவதையே மறந்துபோன கூட்டத்தை அங்கே நான் கண்டதில்லை.

வின்ட்சர் கரை

பழைய பேலஸ் அவர்களே, நீங்கள் மறக்கும் ஒன்று உண்டு: அந்த முழக்கத்தை எழுப்பியவர்கள் 2008-இல் லயன்ஸ் 0-16 என எல்லா ஆட்டங்களிலும் தோற்றதைப் பார்த்தவர்கள். அவர்களிடம் மரியாதை கேட்கிறீர்கள்.

எனக்கு 2022 நவம்பர்தான் மறப்பதில்லை. லயன்ஸ் 1-6. அதற்குச் சில நாட்கள் முன்பு, 1-5 என்ற நிலையில், உரிமையாளர் ஷீலா ஃபோர்ட் ஹாம்ப் செய்தியாளர்களிடம் பயிற்சியாளர் கேம்பெல் மீது நம்பிக்கை இருக்கிறது என்று பேசியதை எங்கள் ஆலையில் யாரும் நம்பவில்லை. பிறகு ஹாக்கின்சன் என்ற வீரரை அதே பிரிவில் இருக்கும் மினசோட்டாவுக்கே விற்றார்கள். என்னுடன் பணிபுரிந்த ஒருவர், பிறப்பிலிருந்தே லயன்ஸ் ரசிகர், கிரீன் பே ஆட்டத்துக்கான தம் டிக்கெட்டை என் மேசையில் வைத்துவிட்டு, "உனக்கு இன்னும் ஆசை இருந்தால் போய்வா" என்றார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை.

வின்ட்சரிலிருந்து சுரங்கப்பாதை வழியாக ஆற்றைக் கடந்து டெட்ராய்ட் போனேன். கிரீன் பேயின் குவார்ட்டர்பேக் ராஜர்ஸ் கடைசி முயற்சியான நான்காவது டவுனில், எண்ட் ஸோனுக்கு (புள்ளி எடுக்கும் பகுதிக்கு) ஒரு கெஜத் தொலைவில், வழக்கமாகத் தடுப்பு வேலை செய்யும் டேக்கிள் பக்தியாரிக்குப் பந்தை எறிய, எய்டன் ஹட்சின்சன் நடுவில் புகுந்து பறித்தார். 15-9 என வென்றோம். அந்த ஆட்டத்தில் ராஜர்ஸ் மூன்று முறை பந்தைப் பறிகொடுத்தார். அதிலிருந்து அணி திரும்பி 9-8 என்று முடித்தது. நான் மறுநாள் ஆலையில் அவரிடம் ஓடிப்போய்ச் சொல்ல, அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, அடுத்த ஆட்டத்துக்கான டிக்கெட்டையும் மேசை மேல் வைத்தார். ஒரு வெற்றி அவரை அசைக்கவில்லை. ராம்ஸை வென்ற இரவில் அவரை அழைத்துப் பார்த்தேன். தொலைபேசியை எடுத்தார், எதுவும் பேசவில்லை, பின்னணியில் கூட்டம் கத்துவது மட்டும் கேட்டது. அவர் அரங்கத்தில் இருந்தாரா, வீட்டில் தொலைக்காட்சி முன்னால் இருந்தாரா என்று இதுவரை சொல்லவில்லை.

கேன்டன்காரர்

உட்வர்ட் வாசி அவர்கள் தொடங்கிய இடத்துக்கே வருகிறேன், ஏனென்றால் அந்த மஞ்சள் கொடியைப் பற்றி இங்கே எல்லோரும் நடுவரின் குற்றம் என்று முடிவுகட்டிவிட்டதாகத் தோன்றுகிறது. புத்தாண்டு விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த முதல் நாள், பிரேக் வரைபடம் பற்றிய கூட்டத்தில் எங்கள் மேலாளர் வெள்ளைப் பலகையில் லயன்ஸின் மூன்று தடுப்பு வீரர்களை அவர்களின் சட்டை எண்ணோடு மூன்று வட்டங்களாக வரைந்தார்: 68 டெக்கர், 70 ஸ்கிப்பர், 58 சூவல். மூவரும் நடுவரை நோக்கி நடக்கிறார்கள். 50 முதல் 79 வரையிலான எண்களை அணிந்தவர் பந்தைப் பிடிக்க வேண்டுமானால் முன்கூட்டியே நடுவரிடம் சொல்ல வேண்டும். மூவரும் ஒருசேரப் போனது டல்லஸைக் குழப்புவதற்காகத்தான். "எதிரணியைக் குழப்பப் போனோம், நடுவர் குழம்பினார், இதில் புகார் செய்ய என்ன இருக்கிறது?" என்று அவர் கேட்டபோது, லயன்ஸ் கோப்பையில் காபி குடித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். கூட்டத்தில் பிரேக் பற்றி யாரும் ஒன்றும் பேசவில்லை.

உட்வர்ட் வாசி

கேன்டன்காரர் அவர்களின் மேலாளர் பாதியைத்தான் வரைந்திருக்கிறார். கேம்பெல் அந்த ஆட்ட உத்தியை ஆட்டத்துக்கு முன்பே நடுவர் குழுவிடம் விளக்கியதாகச் சொல்லியிருக்கிறார். டெக்கரும் தாம்தான் நடுவரிடம் அறிவித்ததாகச் சொன்னார். அன்றைய ஆட்டத்தில் ஸ்கிப்பர் முன்பே சில முறை அறிவித்திருந்ததால் நடுவர் வழக்கம்போல் 70 ஸ்கிப்பர்தான் அறிவித்தார் என்று எடுத்துக்கொண்டார் என்பதே என் எண்ணம். அடுத்த முயற்சியில் பந்து பறிபோய், டல்லஸ் வீரர் முன்கூட்டியே கோட்டைத் தாண்டினார் (ஆஃப்சைடு) என்று மறுபடி வாய்ப்புக் கிடைத்து, அதிலும் தவறினோம். அதற்கு நடுவர் பொறுப்பில்லை, ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் முறை அங்கேயே நின்று முயல்வதற்குப் பதில் பின்னால் போய் உதைத்துச் சமன் செய்திருக்கலாமே என்று யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: கேம்பெல் உதைக்கிற பயிற்சியாளராக இருந்திருந்தால் 1-6-இலிருந்து அந்த அணி மீண்டிருக்காது.

எண்கணக்கர்

உதைத்திருக்க வேண்டும். காரணங்களை விரிவாக நாளை எழுதுகிறேன்.